மூளை தழைக்குமா?

மரத்திலிருந்து தவறி விழுந்த சிறுவனின் முழங்காலில் தோல் உரிந்து குருதி கசிகின்றது. பத்து நாள் கழிந்தபின் பார்த்தால், புண் ஆறி அவ்விடத்தில் புதுத்தோல் படர்ந்திருக்கின்றது. கையெலும்பு முறிந்தாலும், மருத்துவர் அதனை நேர்ப்படுத்திக் கட்டிவிட்டால், சில வாரங்களில் முறிந்த முனைகள் ஒன்றுகூடுகின்றன. கல்லீரலின் ஒரு பகுதியை அறுத்து எடுத்துவிட்டாலும், எஞ்சிய பகுதி வளர்ந்து இழந்த அளவை ஈடுசெய்கின்றது. பகைக்கு அஞ்சி வாலை உதிர்த்துவிட்டு ஓடிய பல்லி, சில வாரங்கள் சென்றபின் புது வாலுடன் சுவரில் ஊர்கின்றது. இழந்ததை மீண்டும் ஆக்கிக்கொள்ளும் இவ்வாற்றல் உயிர்களுக்கு இயற்கை அளித்த பெருங்கொடையாகும்.

'எண்சாண் உடம்பிற்குத் தலையே பிரதானம்' என்பது பழமொழி. அத்தலையினுள் இருந்து உடல் முழுவதையும் ஆளுகின்ற மூளைக்கு இவ்வாற்றல் உண்டா? இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. நேற்றுவரை வயலுக்குச் சென்று உழைத்த பெரியவர் ஒருவர், இன்று காலையில் எழுந்ததும் வலக்கையைத் தூக்க இயலாமல் தடுமாறுகிறார். பேச வாயெடுத்தால் சொல் குழறுகின்றது. முகம் ஒரு பக்கம் தொய்ந்து கிடக்கின்றது. மூளைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாய் ஒன்று அடைபட்டுவிட்டது. இந்நோயையே பக்கவாதம் என்பர். மருத்துவமனையில் அவர் உயிர் தப்பிய பின்னர், மனைவியும் மக்களும் மருத்துவரை நோக்கிக் கேட்கும் கேள்வி ஒன்றே. "இந்தக் கை மறுபடியும் வருமா?" என்பதே அது.

இக்கேள்விக்கு அறிவியல் உலகம் நெடுங்காலம் கூறிவந்த விடையும், அவ்விடை சிறிது சிறிதாக மாறிய வரலாறும் அறியத்தக்கவை.

நரம்பணுவின் இயல்பு

உடலின் உறுப்புகள் அனைத்தும் உயிரணுக்களால் ஆனவை. மூளையின் சிறப்பான உயிரணுவிற்கு நரம்பணு என்பது பெயர். நியூரான் என்றும் அதனை வழங்குவர். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு நரம்பணுவும் வேரும் கிளையும் விட்ட ஒரு சிறு மரத்தைப் போன்றது. அதன் கிளைகள் பிற நரம்பணுக்களிலிருந்து வரும் செய்திகளை வாங்குகின்றன; நீண்ட இழை ஒன்று அச்செய்தியை அப்பால் கொண்டுசெல்கின்றது. ஒரு நரம்பணு ஆயிரக்கணக்கான பிற நரம்பணுக்களோடு தொடர்பு கொண்டிருத்தல் கூடும்.

தோலின் உயிரணு ஒன்று அழிந்தால், அண்டையிலுள்ள மற்றோர் அணு இரண்டாகப் பிளந்து அவ்விடத்தை நிரப்பிவிடும். தோலணுக்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே தொழிலைச் செய்வதால் இதில் இடர் ஒன்றும் இல்லை. நரம்பணுவின் நிலை வேறு. வளர்ந்து கிளைத்த நரம்பணு பிளவுபடுவதில்லை. அன்றியும், அது பிறவற்றோடு கொண்ட தொடர்புகளே அதன் பயனாகும். அத்தொடர்புகள் பிறந்தது முதல் கற்றலாலும் பழக்கத்தாலும் அமைந்தவை. ஆதலால், ஒரு நரம்பணு அழியும்போது அது தாங்கிநின்ற தொடர்புகளும் உடன் அழிகின்றன.

அறிஞரின் கடுந்தீர்ப்பு

நரம்பணுவின் இவ்வியல்பை உலகிற்கு முதன்முதலில் தெளிவாக விளக்கிக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ காஹால் என்பவர். இவர் 1852ஆம் ஆண்டில் ஒரு சிற்றூரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் இவருக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. கண்டதையெல்லாம் ஓவியமாகத் தீட்டுவதிலேயே பெருவிருப்பம் இருந்தது. மகனின் போக்கைக் கண்டு வருந்திய தந்தையார், அவரை முடிதிருத்துவோரிடமும் செருப்புத் தைப்போரிடமும் தொழில் பயில விட்டுப் பார்த்தார். பின்னர் இடுகாட்டில் கிடைத்த எலும்புகளைக் காட்டி, அவற்றை வரையச் செய்து, உடலமைப்பைக் கற்பித்தார். ஓவியத்தில் கொண்ட ஆர்வமே அச்சிறுவரை மருத்துவக் கல்வியில் செலுத்தியது.

இத்தாலி நாட்டு அறிஞர் கமிலோ கோல்கை என்பார் 1873ஆம் ஆண்டில் வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுக்களுக்குச் சாயம் ஏற்றும் முறையைக் கண்டறிந்திருந்தார். அம்முறையில் நூற்றுக்கணக்கான நரம்பணுக்களுள் ஒரு சிலவே கருநிறம் ஏற்கும்; ஏற்றவை வேர் முதல் நுனி வரை முழுமையாகப் புலப்படும். காஹால் 1887ஆம் ஆண்டில் அம்முறையை அறிந்து அதனை மேலும் திருத்தினார். நுண்பெருக்கியின் முன் அமர்ந்து தாம் கண்டவற்றையெல்லாம் தம் கைப்பட வரைந்தார். நரம்புகள் ஒரே வலையாகப் பின்னிக் கிடப்பவை அல்ல என்றும், தனித்தனி அணுக்களால் ஆனவை என்றும் நிறுவினார். 1906ஆம் ஆண்டில் நோபல் பரிசு கோல்கைக்கும் காஹாலுக்கும் ஒருங்கே வழங்கப்பட்டது.

இத்தகைய பேரறிஞர், காயமுற்ற நரம்புகளைப் பற்றியும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கைகால்களில் ஓடும் நரம்பை அறுத்தால் அது மெல்ல வளர்ந்து மீண்டும் இணைவதைக் கண்டார். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இழையை அறுத்தாலோ, அது சிறிது துளிர்ப்பதுபோல் தோன்றிப் பின்னர் வாடிப்போயிற்று. தாம் கண்ட முடிவுகளை 1913, 1914ஆம் ஆண்டுகளில் ஒரு பெருநூலாக வெளியிட்டார். வளர்ச்சி முற்றிய மூளையில் நரம்புப் பாதைகள் மாறாத் தன்மை உடையவை என்றும், அங்கு அழிவு உண்டேயன்றி மறுபிறப்பு இல்லை என்றும் அந்நூலில் அவர் கருதினார். எனினும், இக்கடுந்தீர்ப்பை மாற்றுதல் கூடுமாயின் அது வருங்கால அறிவியலின் கடமையாகும் என்றும் குறித்துவைத்தார்.

பின்வந்தோர் பலர் தீர்ப்பை நினைவிற்கொண்டனர். அதனை அடுத்து அவர் குறித்த கடமையை மறந்தனர். மனிதன் பிறக்கும்போது பெற்ற நரம்பணுக்களைக் கொண்டே வாழ்நாளைக் கழித்தல் வேண்டும் என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்களில் இடம்பெற்ற முடிந்த முடிபாயிற்று.

எலியின் மூளை தந்த சான்று

இம்முடிபை முதலில் ஐயுற்றவர்களுள் ஒருவர் ஜோசப் ஆல்ட்மன் என்பவர். அவர் 1925ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டில் பிறந்து, பின்னர் அமெரிக்காவிற் குடியேறியவர். புதிதாகப் பிறந்த அணுவைப் பழைய அணுக்களினின்று பிரித்தறியும் முறை ஒன்று அப்போது புதிதாகத் தோன்றியிருந்தது. ஓர் உயிரணு இரண்டாவதற்கு முன், தன்னுள்ளிருக்கும் மரபுப்பொருளை இரண்டு படியாக்கிக்கொள்ளும். அதற்குத் தைமிடின் என்னும் பொருள் இன்றியமையாதது. கதிர்வீசும் ஹைட்ரஜன் கலந்த தைமிடினை ஒரு விலங்கின் உடலிற் செலுத்தினால், அந்நேரத்தில் பிறக்கும் அணுக்களில் மட்டும் அக்கதிர்ப்பொருள் தங்கிவிடும். பின்னர் மூளையை மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒளிப்படப் பூச்சை அவற்றின்மேல் இட்டால், புதிய அணு உள்ள இடமெல்லாம் கரும்புள்ளிகள் தோன்றும்.

ஆல்ட்மன் எலிகளின் மூளையில் சிறு காயத்தை உண்டாக்கி, இப்பொருளைச் செலுத்திப் பார்த்தார். காயத்தைச் சுற்றி நரம்பணுக்களுக்குத் துணையாய் நிற்கும் உயிரணுக்கள் பெருகியிருந்தன. இஃது எதிர்பார்த்ததே. ஆனால், நரம்பணுக்கள் சிலவற்றிலும் கரும்புள்ளிகள் காணப்பட்டன. வளர்ந்த விலங்கின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றனவோ என்னும் வினாவையே தலைப்பாக வைத்து, 1962ஆம் ஆண்டில் அவர் தம் கட்டுரையை வெளியிட்டார். 1965ஆம் ஆண்டில் கோபால் தாஸ் என்பாரோடு சேர்ந்து, எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் பிறந்த பின்னரும் நரம்பணுக்கள் தோன்றுவதை விளக்கினார். கடற்குதிரை மீனின் வடிவை ஒத்திருப்பதால் அப்பகுதிக்கு அப்பெயர் வாய்த்தது. புதியனவற்றை நினைவில் நிறுத்துதற்கு அஃது இன்றியமையாத பகுதியாகும்.

கற்றறிந்தோர் இதனை ஏற்கவில்லை. துணையணுக்களை நரம்பணுக்களென மயங்கியிருப்பார் என்று கருதினர். 1977ஆம் ஆண்டில் மைக்கேல் கப்லான் என்னும் இளைஞர், மின்னணு நுண்பெருக்கியின் துணையால் அப்புதிய அணுக்கள் நரம்பணுக்களே எனக் காட்டினார். அவருக்கும் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. அவர் ஆராய்ச்சியை விட்டு மருத்துவம் பயிலச் சென்றுவிட்டார். மறுத்தோரிடமும் நியாயம் இருந்தது. 1985ஆம் ஆண்டில் பாஸ்கோ ராக்கிச் என்னும் அறிஞர் வளர்ந்த குரங்குகளின் மூளையை ஆராய்ந்து, புதிய நரம்பணுக்கள் எவையும் காணப்படவில்லை என அறிவித்தார். நெடுநாள் கற்ற அறிவைக் காத்துவைக்க வேண்டிய மூளையில் அணுக்கள் மாறிக்கொண்டேயிருப்பின், கற்றது நிலைப்பது எவ்வாறு என்று அவர் வினவினார்.

பாடும் பறவை

இதற்கிடையே ஒரு சிறு பறவை இவ்வழக்கில் சாட்சி கூற வந்தது. கானரி என்னும் மஞ்சள் நிறப் பறவையின் ஆண், இளவேனிற் காலத்தில் இனிமையாகப் பாடும். அப்பருவம் கழிந்ததும் பாட்டு நிலைகுலையும்; அடுத்த பருவத்திற்கு அது புதிய இசைக்கூறுகளைக் கற்றுக்கொள்ளும். அர்ஜென்டினா நாட்டிற் பிறந்து, நியூயார்க் நகரின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெர்னாண்டோ நோட்டபோம் என்பவர் இப்பறவையின் மூளையை ஆராய்ந்தார். பாட்டிற்குரிய மூளைப்பகுதி பருவத்திற்கேற்பப் பெருத்தும் சுருங்கியும் மாறுவதை 1981ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார்.

அப்பகுதி பெருப்பது ஏன்? நோட்டபோமும் அவருடைய மாணவர் ஸ்டீவன் கோல்ட்மனும் கதிர்ப்பொருளைச் செலுத்தி ஆராய்ந்து, வளர்ந்த கானரியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதை 1983ஆம் ஆண்டில் கண்டனர். அதற்கடுத்த ஆண்டில், அப்புதிய அணுக்கள் ஒலியைக் கேட்டதும் மின்துடிப்பெழுப்பி விடையளிப்பதும் அறியப்பட்டது. அவை வெறுமனே இடத்தை நிரப்பி நிற்பவை அல்ல. பழைய அணுக்களோடு இணைந்து தொழில் புரிபவை என்பது தெளிவாயிற்று. வளர்ந்த மூளையில் நரம்பணு பிறத்தல் இயற்கைக்கு மாறானது என்னும் எண்ணம் இதனால் தளர்ந்தது. 1992ஆம் ஆண்டில் கனடா நாட்டில் ரெனால்ட்ஸ், வெய்ஸ் என்னும் இருவர், வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து நரம்பணுக்களைப் பிறப்பிக்கவல்ல குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தனர்.

மனித மூளையில் தேடல்

எலிக்கும் பறவைக்கும் உள்ள ஆற்றல் மனிதனுக்கும் உண்டா? உயிருள்ள மனிதனின் மூளையைச் சீவிப் பார்த்தல் இயலாது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பீட்டர் எரிக்ஸனும் அமெரிக்க அறிஞர் பிரெட் கேஜும் இதற்கு ஒரு வழி கண்டனர். புற்றுநோயுற்ற சிலருக்கு, நோயணுக்கள் பெருகும் அளவை அறிவதற்காக, புதிதாகப் பிறக்கும் அணுக்களில் தங்கும் குறிப்பொருள் ஒன்று செலுத்தப்பட்டிருந்தது. அவர்களுள் ஐவர் இறந்தபின் அவர்களின் மூளைப்பகுதிகள் ஆராயப்பட்டன. ஹிப்போகேம்பஸில் அக்குறி தாங்கிய நரம்பணுக்கள் காணப்பட்டன. முதுமையிலும் மனித மூளையில் நரம்பணுக்கள் பிறக்கின்றன என்னும் செய்தி 1998ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோயின் துன்பத்திற்கிடையிலும் தம் மூளையை ஆராய்ச்சிக்கு உதவிய அவ்வைவரின் கொடையால் விளைந்த அறிவு அது.

மற்றொரு வழி, மனிதன் செய்த தீங்கு ஒன்றிலிருந்து கிடைத்தது. 1950களின் இடைப்பகுதி முதல் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கதிர்வீசும் கரியான கார்பன் 14 மிகுதியாகக் கலந்தது. 1963ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பின்னர் அஃது ஆண்டுதோறும் குறைந்துவந்தது. காற்றிலுள்ள கரியைப் பயிர்கள் ஏற்கின்றன. பயிரை உண்ணும் மனிதனின் உடலிலும் அது சேர்கின்றது. ஓர் உயிரணு பிறக்கும்போது அதன் மரபுப்பொருளிற் சேர்ந்த கரியின் அளவைக் கொண்டு அது பிறந்த காலத்தைக் கணித்தறியலாம். மரத்தின் வயதை அதன் வளையங்கள் காட்டுவதுபோல, அணுவின் வயதை இக்கரி காட்டுகின்றது.

ஸ்டாக்ஹோம் நகரின் கரோலின்ஸ்கா நிலையத்தில் யோனாஸ் பிரிசேன் என்பாரும் அவர்தம் துணைவரும் இம்முறையைக் கையாண்டனர். மூளையின் மேற்புறணியில் உள்ள நரம்பணுக்கள் மனிதனின் வயதையே ஒத்த வயதுடையவையாக இருந்தன. ஹிப்போகேம்பஸிலோ, ஒவ்வொரு பக்கத்திலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 நரம்பணுக்கள் புதிதாகச் சேர்கின்றன என 2013ஆம் ஆண்டில் அவர்கள் கணக்கிட்டனர்.

வழக்கு இத்துடன் முடியவில்லை. 2018ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு குழுவினர், குழந்தைப் பருவத்திலேயே புதிய நரம்பணுக்கள் அருகிவிடுகின்றன என்றும், வளர்ந்தோரின் ஹிப்போகேம்பஸில் அவை தென்படவில்லை என்றும் கூறினர். அதே ஆண்டில் மற்றொரு குழுவினர், முதியோரிடத்தும் அவை உள்ளன என்றனர். 2019ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், இறந்தபின் மூளையைப் பதப்படுத்தும் முறையும் அதற்காகும் காலமும் முடிவை மாற்றிவிடும் எனச் சுட்டி, உரிய முறையிற் பதப்படுத்திய மூளைகளில் இளம் நரம்பணுக்களைக் காட்டினர். 2025ஆம் ஆண்டில் பிரிசேன் குழுவினர், நரம்பணுக்களை ஈனும் முன்னோடி அணுக்கள் வளர்ந்தோர் பலரிடத்தும் உள்ளன என்றும், அவற்றின் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகின்றது என்றும் அறிவித்தனர். அவ்வளவு எத்துணை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை.

காயமுற்ற மூளையில் நிகழ்வது

மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறக்கக்கூடுமாயின், காயமுற்ற இடத்தை அவை சென்று சீர்ப்படுத்துமா? பக்கவாதமுற்ற பெரியவரின் குடும்பத்தார் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் உள்ளது.

ஸ்வீடனில் உள்ள லுண்ட் பல்கலைக்கழகத்தார் எலிகளுக்குப் பக்கவாதத்தை உண்டாக்கி ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். எலியின் மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உள்ளன. அவற்றின் சுவரில் உறையும் குருத்தணுக்கள், நலமான காலத்தில் மோப்பத்திற்குரிய பகுதிக்குப் புதிய நரம்பணுக்களை அனுப்புகின்றன. மூளை காயமுற்றதும் அவை விரைந்து பெருகின. பிறந்த இளம் அணுக்கள், தம் வழக்கமான வழியை விட்டு விலகி, அழிந்த இடத்தை நோக்கிப் பயணம் செய்தன. இச்செய்தி அறிஞர்க்கு மிக்க உவகையை அளித்தது. ஆனால், அவ்வாறு சென்ற அணுக்களுள் நூற்றுக்கு எண்பதிற்கு மேற்பட்டவை சில வாரங்களில் மடிந்தன. பிழைத்தவை, அழிந்த நரம்பணுக்களுள் ஆயிரத்திற்கு இரண்டையே ஈடுசெய்தன.

அவை மடிவதற்குக் காரணங்கள் உள. காயமுற்ற இடத்தில் வீக்கமும் நச்சுப் பொருள்களும் மிகுந்திருக்கும். துணையணுக்கள் அவ்விடத்தைச் சுற்றித் தழும்பு ஒன்றை எழுப்புகின்றன. அத்தழும்பு, கேடு மேலும் பரவாமல் தடுக்கும் அணையாகின்றது; அதே வேளையில் புதிய இழைகள் நுழைவதற்கும் தடையாகின்றது. தொடர்பு கொள்ளத் துணை கிடைக்காத இளம் நரம்பணு நெடுநாள் வாழ்வதில்லை.

இயற்கையில் இத்தடையை வென்ற உயிர்களும் உண்டு. இந்திய நாட்டு ஓடைகளிலும் வாழும் வரிக்குதிரை மீன் என்னும் சிறு மீன், மூளை காயமுற்றால் நரம்பணுக்களைப் புதிதாகப் பிறப்பித்துக் குறையை ஈடுசெய்துகொள்ளும். எலியின் மூளையில் இடர் விளைக்கும் அழற்சியே, அம்மீனின் மூளையில் குருத்தணுக்களைத் தட்டியெழுப்பும் அழைப்பாக அமைகின்றது என ஜெர்மனி நாட்டு டிரெஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2012ஆம் ஆண்டில் கண்டனர்.

மனிதனின் நிலை மீனினும் வேறானது. பக்கவாதத்தால் மேற்புறணி சிதைந்தோரின் மூளைகளைக் கார்பன் 14 முறையால் ஆராய்ந்தபோது, அங்குப் புதிய நரம்பணுக்கள் குடியேறியமைக்குச் சான்று கிடைக்கவில்லை. அம்முடிவு 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆதலின், மேற்புறணியைப் பொறுத்தவரையில் காஹாலின் தீர்ப்பு இன்றும் பெரும்பாலும் நிற்கின்றது.

ஒரு சிறு கணக்கு இதன் பொருளை நன்கு உணர்த்தும். பெரிய குருதிக்குழாய் அடைபட்டு, மருத்துவம் செய்யப்படாத பக்கவாதத்தில், நிமிடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என 2006ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்டது. இரு பக்கத்து ஹிப்போகேம்பஸிலும் நாளொன்றுக்கு 1,400 நரம்பணுக்கள் பிறக்கின்றன என்னும் கணக்கையே சரியெனக் கொண்டாலும், ஒரு நிமிடத்தில் அழிந்த தொகையைப் பெறுவதற்கு மூன்றே முக்கால் ஆண்டு வேண்டும். பிறப்பவையும் அழிந்த இடத்திற்குச் செல்வதில்லை. ஆகவே, முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய குறிகளுள் ஒன்று தோன்றினும், வீட்டிலேயே காத்திருத்தல் பெரும் பிழையாகும். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, உரியவர்க்கு, நோய் தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். எவ்வளவு முன்னதாகச் செலுத்தப்படுகின்றதோ அவ்வளவு நன்மை மிகும்.

பயிற்சியின் ஆற்றல்

புதிய நரம்பணுக்கள் வந்து உதவாவிடில், பக்கவாதமுற்றோர் பலர் தேறி எழுவது எங்ஙனம்? இதற்கு விடை, இறந்த அணுக்களிடத்து இல்லை. எஞ்சிய அணுக்களிடத்தே உள்ளது. வீட்டின் ஒரு தூண் சாய்ந்தால் அதன் சுமையைப் பிற தூண்கள் ஏற்பதைப்போல, எஞ்சிய நரம்பணுக்கள் புதிய கிளை விட்டு, புதிய தொடர்புகளை அமைத்து, இழந்த தொழிலின் ஒரு பகுதியைத் தாம் ஏற்கின்றன. ஆனால் அவை தாமாகவே இதனை முழுதும் செய்துவிடுவதில்லை. பயிற்சி அவற்றை ஏவ வேண்டியுள்ளது.

அமெரிக்க அறிஞர் ராண்டால்ப் நூடோவும் அவர்தம் துணைவரும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். குரங்கின் மூளையில் கைக்குரிய பகுதியில் சிறு காயம் உண்டாக்கப்பட்டது. பயிற்சி அளிக்கப்படாத குரங்குகளில், காயமுறாத அண்டைப் பகுதியும் கைக்குரிய தன் தொழிலை இழந்து சுருங்கிற்று. சிறு குழிகளிலிருந்து உணவை விரலால் எடுக்குமாறு நாள்தோறும் பழக்கப்பட்ட குரங்குகளில் அப்பகுதி நிலைத்து நின்றது. சிலவற்றில், முழங்கைக்கும் தோளுக்கும் உரிய பகுதியின் இடத்தையும் கை பெற்றுக்கொண்டது.

எட்வர்ட் டாப் என்னும் அறிஞர் இதனினும் முன்னரே ஓர் உண்மையைக் கண்டிருந்தார். உணர்விழந்த கையைக் குரங்கு பயன்படுத்துவதில்லை. நல்ல கையைக் கட்டிவிட்டால் பயன்படுத்தத் தொடங்குகின்றது. முயன்று தோற்ற கையை முற்றும் கைவிட்டுவிடும் பழக்கமே முடத்தை மிகுவிக்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. இதனை அடிப்படையாகக் கொண்ட மருத்துவம் அமெரிக்காவில் பக்கவாதமுற்ற 222 பேரிடம் ஆராயப்பட்டு, அதன் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பாதி அளவினர்க்கு, நலமுள்ள கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதனைப் பயன்படுத்தாதிருக்கச் செய்தனர். தளர்ந்த கையைக் கொண்டே பொருள்களை எடுத்தல், அடுக்குதல் போன்ற பணிகளை இரண்டு வாரங்கள் நாள்தோறும் பல மணி நேரம் செய்வித்தனர். நோய் தோன்றி மூன்று முதல் ஒன்பது திங்கள் கடந்திருந்தும், வழக்கமான மருத்துவம் பெற்றோரைவிட அவர்களின் கை மிகுதியாகத் தேறிற்று. அந்நலம் ஓராண்டு கழிந்தபின்னும் நிலைத்திருந்தது. விரலைச் சிறிதேனும் அசைக்க இயன்றவர்க்கே இம்முறை பயன்படும் என்பதும் குறிப்பிடத்தக்கது.

நலமுற்ற மூளைக்கும் உழைப்பே உரமாகும். சுழலும் சக்கரத்தில் விரும்பி ஓடிய சுண்டெலிகளின் ஹிப்போகேம்பஸில், ஓடாதவற்றைவிட மிகுதியான நரம்பணுக்கள் தோன்றி நின்றன என 1999ஆம் ஆண்டில் கண்டனர். அதே ஆண்டில், கடினமான பாடத்தைக் கற்ற எலிகளிடத்தில் புதிய அணுக்கள் பல மடியாமல் பிழைத்தன எனவும் அறியப்பட்டது.

குருத்தணுக்களைச் செலுத்திப் பக்கவாதத்தைத் தீர்க்கும் முயற்சி உலகின் பல நாடுகளில் நடைபெறுகின்றது. எனினும் அஃது ஆய்வுநிலையிலேயே உள்ளது. முற்றும் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்து பெரும்பொருள் கேட்போரை நம்பி, நிலத்தையும் நகையையும் விற்றல் அறிவுடைமை ஆகாது.

வரலாறு கற்பிப்பது

காஹால் பேரறிஞர், அவர் கண்டதைக் கண்டவாறே உரைத்தார். அவர் தீர்ப்பு முழுதும் பொய்யாகவில்லை. முழுதும் மெய்யாகவும் நிலைக்கவில்லை. ஆல்ட்மன் கண்ட கரும்புள்ளிகளை அறிஞர் உலகம் ஏற்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பெரியோர் கூறினார் என்பதற்காக ஒன்றை மாறாததெனக் கொள்ளுதலும் தவறு. புதியது என்பதற்காகச் சான்றின்றி ஒன்றை ஏற்றலும் தவறு. இரண்டிற்கும் இடையே பொறுமையுடன் தேடிச் செல்வதே அறிவியலின் நெறியாகும்.

இழந்த நரம்பணுக்களை மூளை எளிதில் திரும்பப் பெறுவதில்லை. ஆதலால், இருப்பவற்றைக் காத்தல் முதற்கடமை. ஈருருளி வண்டியில் செல்வோர் தலைக்கவசம் அணிதலும், குருதியழுத்தத்தைக் கட்டுப்படுத்தலும், புகையிலையை விலக்குதலும் அக்கடமையின் பாற்படும். காப்பையும் மீறி மூளை காயமுற்றால், எஞ்சிய அணுக்களைப் பயிற்சியால் தொழிற்படுத்துதல் அடுத்த கடமை.

"இந்தக் கை மறுபடியும் வருமா?" என்று கேட்ட குடும்பத்தார்க்கு இன்றைய மருத்துவர் இவ்வாறு விடை கூறுகின்றார்: "முழுதும் வரும் என்று உறுதி கூற இயலாது, வராது என்று கைவிடுதலும் கூடாது. இன்று விரல் ஒன்றை அசைக்கட்டும், நாளையும் அசைக்கட்டும்." பெரியவரின் பேரன் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்து அவர்முன் வைக்கிறான். தளர்ந்த விரல்களால் அவர் அவற்றுள் ஒன்றைப் பற்ற முயல்கிறார். அது நழுவி விழுகின்றது. மீண்டும் முயல்கிறார்.